பழகாத ஏரியில், நீரில் நிற்கும் மரங்களுக்கு நடுவே கிராப்பி பிடிப்பது: முழுமையான வழிகாட்டி

டல்லாஸ் பக்கம் இருந்துகொண்டு தூண்டிலில் ஆசை வைத்தவர்கள் சீக்கிரமே கிழக்கு டெக்ஸஸ் ஏரிகளுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். லேக் ஃபோர்க் மாதிரி ஓர் ஏரியில் படகை இறக்கினால், பல இடங்களில் பட்டமரங்கள் காடு போலவே தண்ணீரில் நிற்கும். கிராப்பி என்ற நன்னீர் மீன் மரத்தை ஒட்டித்தான் இருக்கும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். கரைக்குப் பக்கத்து மரத்தில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய், மதியத்துக்குள் சலித்துப்போய்த் திரும்புவதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

மரங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. மீன் நிற்பது அதில் மிகச் சிலவற்றில்தான். எந்த மரங்களைத் தொடவே வேண்டாம் என்று முதலில் கழிக்கத் தெரிய வேண்டும். கீழே இருக்கும் படிகளின் வரிசை அதற்காகத்தான், மாற்றிச் செய்தால் பலன் குறையும். உதாரணத்துக்கு லேக் ஃபோர்க்கை எடுத்துக்கொள்கிறேன். டொலீடோ பெண்ட், மிசௌரியில் இருக்கும் ட்ரூமன் ஏரி என்று மரங்களோடு நீர் தேக்கிய எந்த ஏரிக்கும் முறை இதுதான். சட்டம் மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

1. உரிமமும் அளவு விதியும்

டெக்ஸஸில் 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குப் பொதுவாக மீன்பிடி உரிமம் வேண்டும். மாநிலத்தில் வந்து ஆறு மாதம் ஆகாதவர்கள் வெளிமாநிலத்தவர் கட்டணத்தில்தான் வாங்க முடியும். வழக்கமான ஆண்டு உரிமம் எப்போது வாங்கினாலும் ஆகஸ்ட் 31 அன்று முடிந்துவிடும், ஜூலையில் வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கிராப்பிக்கு மாநிலம் முழுக்கப் பொதுவிதி: நாளொன்றுக்கு ஆளுக்கு 25, குறைந்தது 10 அங்குலம். கறுப்பு கிராப்பி, வெள்ளை கிராப்பி இரண்டும் சேர்த்துத்தான் அந்த 25.

லேக் ஃபோர்க்கில் டிசம்பர் 1 முதல் பிப்ரவரி கடைசி நாள் வரை விதி வேறு. நீளக் கணக்கு கிடையாது, ஆனால் பிடித்த கிராப்பி எதையும் திரும்ப விடக்கூடாது. சின்னதாக இருந்தாலும் அந்த 25-இல் ஒன்றாக எண்ண வேண்டும். குளிர்காலத்தில் மீன் ஆழத்தில் நிற்கும். அங்கிருந்து மேலே இழுக்கும்போது காற்றுப்பை உப்பிவிடுவதால், திரும்ப விட்டாலும் பெரும்பாலும் பிழைக்காது. பெரியதாகப் பொறுக்கிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடு அந்த மாதங்களில் போகாதீர்கள்.

2. வீட்டில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை

பாதி மீன்பிடிப்பு இங்கேதான் முடிகிறது. புதியவர்கள் தாண்டிப்போகும் படியும் இதுதான்.

ஆழக்கோடுகள் உள்ள வரைபடம் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். நேவியானிக்ஸ் போன்ற செயலி போதும். இந்த ஏரிகள் எல்லாம் அணை கட்டித் தேக்கியவை. லேக் ஃபோர்க் அணை 1980-இல் முடிந்தது, ஏரியின் பரப்பு சுமார் 27,000 ஏக்கர். தண்ணீருக்கு அடியில் பழைய ஓடையும், அதில் வந்து சேரும் வாய்க்கால்களும் அப்படியே கிடக்கின்றன. வரைபடத்தில் கோடுகள் நெருங்கி வளைந்து போகும் இடங்கள் அந்த ஓடையின் கரைகள்.

கிராப்பி இந்த ஓடைகளைப் பாதையாக வைத்துக்கொண்டுதான் ஆழத்துக்கும் கரைக்கும் போய்வரும். ஆகவே மூன்று வகை இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஓடை வளையும் இடத்தின் வெளிப்புறம், இரண்டு ஓடைகள் சேரும் இடம், ஓடை ஒரு மேட்டின் மூக்கை உரசிப் போகும் இடம். பிறகு செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, இவற்றில் எங்கெல்லாம் மரம் தெரிகிறது என்று ஒத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஆறேழு இடங்கள் குறித்தால் போதும். ஏரியின் ஒரே கிளைக்குள் அவை இருக்கட்டும். ஏரி முழுக்க ஓடினால் பெட்ரோல்தான் தீரும்.

கிளம்பும் நாள் காலை நீர்மட்டத்தையும் பாருங்கள். லேக் ஃபோர்க் நிறைந்திருக்கும்போது கடல்மட்டத்திலிருந்து 403 அடி. வரைபடத்தில் இருக்கும் ஆழம் நிறைந்த ஏரிக்கான கணக்கு. மூன்று அடி குறைந்திருந்தால் 15 அடி என்று போட்ட இடம் 12 அடிதான். ஏரி நிறைந்திருந்தபோது மூன்று அடிக்குக் கீழே இருந்த அடிக்கட்டை இப்போது படகின் அடியை உரசும்.

3. எடுத்துப் போக வேண்டியவை

கோல்: 10 அல்லது 11 அடி நீளமுள்ள மெல்லிய கிராப்பிக் கோல் ஒன்று. நீளம் இருந்தால் படகை மரத்திலிருந்து தள்ளி நிறுத்தியே தூண்டிலை நேராகக் கீழே இறக்கலாம். ஏழு அடிக் கோலோடு வந்தவர்கள் மரத்தில் படகை மோதிவிட்டுத்தான் இரை போடுவார்கள், அதற்குள் மீன் விலகியிருக்கும்.

நரம்பு (தூண்டில் இழை): 6 அல்லது 8 பவுண்டு தாங்குவது, கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் மஞ்சள் நிறம் நல்லது. கடி பல நேரம் கைக்கு வராது, நரம்பின் அசைவில்தான் தெரியும்.

ஜிக் (ஈயத் தலை வைத்த முள்ளில் ரப்பர் வால் மாட்டிய செயற்கை இரை): 1/16 அவுன்ஸ், 1/8 அவுன்ஸ் இரண்டும் வேண்டும். ஆழமற்ற இடத்துக்கும் சோம்பலான மீனுக்கும் முதலாவது, காற்றடித்தாலோ 20 அடிக்கு மேல் இறக்கினாலோ இரண்டாவது. ரப்பர் வாலின் நிறத்துக்காகப் பெட்டி பெட்டியாக வாங்க வேண்டாம். கலங்கலுக்குக் கறுப்பும் பச்சையும், தெளிந்த தண்ணீருக்கு வெள்ளி வெள்ளை. அவ்வளவு போதும்.

முள்: உயிர் மின்னோ (இரையாகப் போடும் சின்ன மீன்) மாட்டுவதற்கு 2 அல்லது 4-ஆம் எண் மெல்லிய கம்பி முள். மெல்லியது என்பது முக்கியம், காரணம் 9-ஆம் படியில்.

இவை தவிர உயிர்காப்புச் சட்டை, கூர்மூக்கு இடுக்கி, நீண்ட கைப்பிடி வலை, அளவுப் பலகை, ஐஸ் பெட்டி, மிதவைக் குறி ஒன்றிரண்டு. ஆழமானி கட்டாயம் வேண்டும். நீரடிக் காட்சியை நேரடியாகக் காட்டும் விலையுயர்ந்த கருவி இருந்தால் வேலை சுலபம், இல்லாமலும் நடக்கும். ஆழமும் அடிமட்டமும் தெரிகிற சாதாரண கருவியைக் கொண்டே மீதிப் படிகளைச் சொல்கிறேன்.

4. படகை மரங்களுக்குள் ஓட்டுவது

பெரிய ஏரிகளில் படகுப் பாதைகளை மிதவை போட்டுக் காட்டியிருப்பார்கள். பாதை முடியும் வரை மட்டும் வேகம். அதைத் தாண்டினால் நடை வேகம்தான், எஞ்சினைக் கொஞ்சம் தூக்கிவைத்துக்கொண்டு.

தண்ணீருக்கு மேலே நிற்பவை ஆபத்தானவை அல்ல, அவை கண்ணுக்குத் தெரிகின்றன. நீர்மட்டத்தில் வெயிலும் ஈரமும் மாறிமாறிப் பட்டு மரம் அந்த இடத்தில்தான் முதலில் இற்றுப்போகும். மேல்பாகம் ஒடிந்து விழுந்தபின் கீழ்ப்பாகம் நீருக்குள் பல ஆண்டுகள் உறுதியாக நிற்கும். திறந்தவெளி மாதிரி தெரியும் இடத்தில்தான் அடி வாங்குகிறார்கள்.

எஞ்சினை நிறுத்தும் கயிற்றை உடம்பில் மாட்டிக்கொள்ளுங்கள், 26 அடிக்குக் குறைவான படகுக்கு அது சட்டமும்கூட. 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் படகு நகரும்போது உயிர்காப்புச் சட்டையோடுதான் இருக்க வேண்டும். கொம்பைப் பிடிக்கும் முன் மேலே பாருங்கள்: கோடையில் குளவிக்கூடு இருக்கும், பட்ட கிளை தலையில் விழும். அடிக்கட்டை மேல் காட்டன்மவுத் பாம்பு வெயில் காயும். இது விஷப்பாம்பு. அதன் பக்கம் போகாமல் அடுத்த மரத்துக்குப் போய்விடுவதே நல்லது.

5. முதலில் ஆழம், அப்புறம்தான் மரம்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில், ஒரே ஏரிக்கிளையில், கிராப்பி பெரும்பாலும் ஒரே ஆழத்தை ஒட்டித்தான் நிற்கும். அந்த ஆழம் தெரியாமல் எவ்வளவு நல்ல மரத்தில் போட்டாலும் இரை மீனுக்குக் கீழே போய்த் தொங்கும்.

எங்கே தேட ஆரம்பிப்பது என்பதைத் தண்ணீரின் வெப்பநிலை சொல்லும். கிழக்கு டெக்ஸஸுக்குச் சுமாரான கணக்கு இது.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பெரிய ஓடையின் ஆழமான வளைவுகளில், 25 முதல் 40 அடி தண்ணீரில் நிற்கும் மரங்கள். மீன் தரையில் கிடக்காது, நடுவில் மரத்தை ஒட்டித் தொங்கிக்கொண்டிருக்கும்.

தண்ணீர் 55 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியதும் ஓடை வழியாகக் கரைப்பக்கம் நகர ஆரம்பிக்கும். அந்த நகர்வில் 8 முதல் 15 அடி வரையுள்ள மரங்களில் நின்று நின்று போகும். 60-களில் வந்ததும் முட்டையிடக் குடாக்களின் உட்புறத்துக்கு, பல நேரம் ஆறு அடிக்கும் குறைவான ஆழத்துக்கு, வந்துவிடும். அது சாதாரணமாக மார்ச், ஏப்ரல். அந்த நாட்களில் ஆழத்து மரங்களைச் சுற்றிக்கொண்டிருப்பது வீண்.

மே மாதத்தில் வந்த வழியே திரும்பி 12 முதல் 20 அடி. நடுக்கோடையில் கீழ்மட்டத் தண்ணீரில் ஆக்சிஜன் இருக்காது. மேலே சூடான நீருக்கும் கீழே குளிர்ந்த நீருக்கும் நடுவே ஓர் எல்லை உண்டாகும், ஆழமானியின் நுண்ணுணர்வைக் கூட்டினால் மங்கலான பட்டை போலத் தெரியும். அந்தப் பட்டைக்குக் கீழே இரை போடவே வேண்டாம். 30 அடி தண்ணீரில் நிற்கும் மரமாக இருந்தாலும் பட்டை 18 அடியில் இருந்தால் உங்களுக்கு வேலை மேலே 18 அடிதான். இலையுதிர் காலத்தில் ஷாட் என்ற சின்ன மீன் கூட்டங்களைத் துரத்திக்கொண்டு கிராப்பி சிதறும், அப்போது ஒரே ஆழத்தை நம்ப முடியாது.

சரி, தொடக்க ஆழம் தெரிந்துவிட்டது. இன்றைய ஆழத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? இரண்டு பேர் போனால் ஒருவர் 8 அடியில், மற்றவர் 14 அடியில் ஆரம்பியுங்கள். யாருக்குக் கடித்ததோ மற்றவரும் அதற்கு மாறிக்கொள்ள வேண்டும். இது சொல்வதற்குச் சுலபம், ஆனால் நண்பர்களோடு போகும்போது யாருமே மாற்றிக்கொள்வதில்லை. தனியாகப் போனால் மேலிருந்து கீழே இரண்டிரண்டு அடியாக இறக்கிப் பாருங்கள்.

அளக்க ஒரு வழி: ரீலுக்கும் முதல் வளையத்துக்கும் நடுவே நரம்பைப் பிடித்து இழுத்தால் எத்தனை அடி வருகிறது என்று ஒருமுறை அளந்துவையுங்கள். இரண்டு அடி என்றால் ஏழு இழுப்பு 14 அடி. கடித்த ஆழத்துக்கு மறுபடி சரியாகப் போக முடியாதவர்களுக்கு முதல் மீன் கிடைத்தும் பயனில்லை.

6. எந்த மரம்?

ஆழம் தெரிந்ததும் நூறு மரங்களில் தொண்ணூறு தானாகக் கழிந்துவிடும். மிச்சத்தில் இப்படித் தேர்ந்தெடுங்கள்.

ஓடையின் விளிம்பில் நிற்பவை முதலில். ஆழமானியைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் போகும்போது தரை திடீரென்று இறங்கும் இடத்தில் மிதவைக் குறியைப் போட்டுவிட்டு, அதற்கு இரு பக்கமும் உள்ள மரங்களைப் பாருங்கள். வெறும் கம்பம் போல நிற்பதைவிடக் கிளை உள்ளது மேல். கிளை இல்லாவிட்டாலும் சாய்ந்து நிற்பது, இரண்டு மரம் நெருங்கி நிற்பது, விழுந்த மரம் நின்ற மரத்தில் மாட்டிக்கொண்டது எல்லாம் நல்ல அடையாளங்கள். சாய்ந்த மரம் தன் கீழே நீளமான நிழலும் கூரையும் தருகிறது.

மரக்கூட்டத்தின் நடுவைவிட ஓரம் நல்லது. கூட்டத்திலிருந்து விலகித் தனியாக நிற்கும் மரம் இன்னும் நல்லது. சுற்றிலும் வேறு ஒதுங்கிடம் இல்லாததால் அங்கே வந்துபோகும் மீன் எல்லாம் அதில்தான் சேரும். எல்லோர் கண்ணிலும் படாமல், ஒரு முழம் மட்டுமே தலை நீட்டியிருக்கும் கட்டையைப் பார்த்தால் விடாதீர்கள். அதற்கடியில் முழு மரம் இருக்கலாம். மேலே எதுவுமே தெரியாமல் ஆழமானியில் மட்டும் தெரிவதை மற்ற படகுகள் தொட்டிருக்கவே மாட்டார்கள்.

வெயில் ஏறினால் மீன் மரத்தின் நிழல் பக்கத்தில், உடலோடு ஒட்டி நிற்கும். மேகமூட்டத்திலும் விடியலிலும் அவ்வளவு ஒட்டாது, மரத்தைச் சுற்றி ஐந்தாறு அடி தள்ளிக்கூடத் திரியும். காலையில் ஐந்தாறடித் தொலைவில் கடித்துக்கொண்டிருந்தது பதினோரு மணிக்கு நின்றுவிட்டால், அந்த மரத்தைக் கைவிடுமுன் நிழலுக்குள் நெருக்கிப் போட்டுப் பாருங்கள்.

7. மரத்தை நெருங்குவது

காற்றுக்கு எதிர்முகமாக வாருங்கள். மூக்கு மோட்டாரை (படகின் முன்பக்கம் இருக்கும் சின்ன மின்மோட்டார்) நிறுத்தினால் காற்று படகை மரத்திலிருந்து விலக்கிவிடும். காற்றோடு சேர்ந்து வந்தால் படகு மரத்தின் மேல் போய் விழும், பிறகு அங்கே அரை மணிக்கு வேலையில்லை.

மோட்டாரைச் சின்ன வேகத்தில் தொடர்ந்து ஓடவிடுவது, நிறுத்தி நிறுத்தி ஓட்டுவதைவிட அமைதியானது. அலுமினியப் படகில் இடுக்கியைக் கீழே போடும் சத்தம் தண்ணீருக்குள் நன்றாகவே கேட்கும். பழைய துணி ஒன்றைத் தரையில் விரித்துவையுங்கள். ஆழம் இருபது அடியைத் தாண்டினால் இவ்வளவு கூச்சம் வேண்டாம், மரத்தில் கட்டிக்கொண்டே பிடிக்கலாம்.

8. இறக்குவது

கிராப்பியின் கண் மேல்நோக்கிப் பார்ப்பது. தலைக்கு மேலே இருக்கும் இரையை வந்து எடுக்கும், கீழே இருப்பதற்குக் குனிந்து போவது அபூர்வம். ஆகவே மீன் 14 அடியில் இருந்தால் ஜிக் 13 அடியில் நிற்க வேண்டும். தவறினால் மேல்பக்கம் தவறட்டும்.

ஜிக்கை மரத்தின் தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி நேராக இறக்குங்கள். 1/16 அவுன்ஸ் ஜிக் வினாடிக்குச் சுமாராக ஓர் அடி இறங்கும், இறங்கும்போதே பல மீன்கள் பிடித்துக்கொள்ளும். நரம்பு நீங்கள் எதிர்பார்த்ததற்கு முன்பே நின்றுவிட்டால் அது கிளையாகவும் இருக்கலாம், மீனாகவும் இருக்கலாம். மெதுவாகத் தூக்கிப் பாருங்கள்.

ஆழத்தில் நின்றதும் ஆட்டாதீர்கள். புதியவர்கள் கோலை மேலும் கீழுமாக ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். கை நடுக்கமும் படகின் அசைவுமே வாலை அசைக்கப் போதும். பத்து வினாடி அசையாமல் பிடித்து, அரை அடி உயர்த்தி, மறுபடி பிடியுங்கள். பிறகு தண்டின் அடுத்த பக்கம். ஒரு மரத்துக்கு நான்கு பக்கம், அதற்குமேல் வேண்டாம்.

குளிர்ந்த தண்ணீரிலும், மீன் தெரிந்தும் கடிக்காதபோதும் உயிர் மின்னோ மாட்டுங்கள். நழுவும் தக்கை போட்டு, நரம்பில் முடிச்சை வேண்டிய ஆழத்தில் நிறுத்தினால் இரை ஒவ்வொரு முறையும் அதே ஆழத்துக்குப் போய் நிற்கும். சிறுவர்களோடு போனால் இதுவே நல்லது, பார்த்துக்கொண்டிருக்க ஒரு பொருள் கிடைக்கிறது.

9. கடியும் சிக்கலும்

கடி இரண்டு மாதிரி வரும். ஒன்று, நுனியில் டொக் என்று ஒரு தட்டு. மற்றது, நரம்பு திடீரென்று தொய்ந்துபோவது. கீழிருந்து வந்து எடுத்த மீன் இரையோடு மேலேயே போவதால் ஈயத்தின் கனம் கைக்கு இல்லாமல் போகிறது. இந்த இரண்டாவதைப் பெரும்பாலானவர்கள் கடி என்றே எண்ணுவதில்லை.

எது வந்தாலும் வெட்டி இழுக்காதீர்கள். கிராப்பியின் வாய் ஓரம் காகிதம் மாதிரி, கிழிந்துவிடும். கோலை நிதானமாக உயர்த்தினால் முள் ஏறிக்கொள்ளும். தொய்வு விடாமல் ஒரே சீராக மேலே கொண்டு வந்து வலையில் வாங்குங்கள். படகுக்குள் தூக்கிப் போடும்போதுதான் பெரிய மீன்கள் தப்புகின்றன.

மரத்தில் சிக்குவது உறுதி. சிக்கவே இல்லை என்றால் மரத்துக்குப் பக்கத்தில் போடவில்லை என்று பொருள். சிக்கியதும் சுண்டி இழுத்தால் முள் இன்னும் ஆழமாகக் குத்தும், மரமும் அதிரும். நேர் மேலே வந்து நரம்பைத் தளர்த்தி, கோல் நுனியால் லேசாக ஆட்டுங்கள், ஈயத்தின் கனமே முள்ளைக் கழற்றிவிடும். கழறாவிட்டால் நரம்பைத் துணியில் சுற்றிக்கொண்டு சீராக இழுங்கள். 8 பவுண்டு நரம்புக்கு மெல்லிய கம்பி முள் வளைந்து நிமிர்ந்து வந்துவிடும், இடுக்கியால் பழையபடி வளைத்துக்கொள்ளலாம். தடித்த முள் போட்டவர்களுக்கு அறுவதுதான் வழி.

10. எப்போது நகர்வது

நான்கு பக்கமும் போட்டுக் கடி இல்லையென்றால் ஐந்து நிமிடத்துக்குள் அடுத்த மரம். நிற்கிற மீன் என்றால் சீக்கிரமே கடிக்கும். குறித்த இடத்தில் ஏழெட்டு மரங்கள் வெறுமையாக இருந்தால் மரத்தை மாற்றாமல் ஆழத்தை மாற்றுங்கள். 12 அடித் தரையில் பார்த்திருந்தால் அடுத்த இடத்தில் 20 அடித் தரைக்குப் போங்கள்.

மீன் கிடைத்ததும் கையிலுள்ள வேலையை நிறுத்திவிட்டு நான்கு விஷயங்களைப் பாருங்கள்: தரை எத்தனை அடி, ஜிக் எத்தனை அடியில் இருந்தது, மரம் ஓடையின் விளிம்பிலா உள்ளேயா, நிழலா வெயிலா. இரண்டாவது மரத்திலும் அதே விடை வந்தால் அன்றைய கணக்கு கிடைத்துவிட்டது. அதற்குப் பொருந்தும் மரங்களுக்கு மட்டும் போங்கள். வரைபடத்தில் குறித்துவைத்த மீதி இடங்கள் இப்போதுதான் உதவும்.

ஒரு மரத்தில் மூன்று நான்கு மீன் எடுத்தபின் கடி நின்றால் விட்டுவிடலாம். ஒரு மணி கழித்துத் திரும்பி வந்தால் பல நேரம் மறுபடி மீன் சேர்ந்திருக்கும்.

11. பிடித்தபின்

வாயை மூடி, வாலின் இரு நுனிகளையும் சேர்த்து நெருக்கி அளக்க வேண்டும். பத்து அங்குலத்துக்குக் கோடு தொட்டதா இல்லையா என்று சந்தேகம் வந்தால், குளிர்கால விதி இல்லாத நாட்களில், விட்டுவிடுங்கள். படகிலேயே துண்டு போடக்கூடாது. கரைக்கு வந்து சேரும்வரை தலையும் வாலும் இருக்க வேண்டும்.

லேக் ஃபோர்க்கில் கிராப்பி ஜிக்கைப் பெரிய பாஸ் மீனும் எடுக்கும். அங்கே 16 முதல் 24 அங்குலம் வரையுள்ள லார்ஜ்மவுத் பாஸைத் திரும்ப விட்டே ஆக வேண்டும்.

கிராப்பியின் சதை மென்மையானது, வெயிலில் சீக்கிரம் குழைந்துவிடும். பிடித்த உடனே ஐஸில் போடுங்கள். ஏரியை விட்டுக் கிளம்பும்போது படகின் தொட்டி, அடித்தளம், இரை வாளி எல்லாவற்றிலும் தண்ணீரைக் கரையிலேயே வடித்துவிட வேண்டும். ஜீப்ரா சிப்பி ஒரு ஏரியிலிருந்து இன்னொன்றுக்குப் பரவாமல் இருக்க டெக்ஸஸ் முழுக்க இருக்கும் சட்டம் இது. மிஞ்சிய மின்னோக்களையும் ஏரிக்குள் கொட்டாமல் குப்பையில் போடுங்கள்.